காதுக்குப் பின்னால் ஒரு கற்றை

முதலில் தப்பு செய்தது ஆவுடையப்பன்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தம்பி. பிறகு நான் சொல்லும் எதையாவது கேட்டுவிட்டு, இவர் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கும் போலிருக்கிறதே என்று நீங்கள் குழம்பக்கூடாது.

உட்காருங்கள். இந்த மாடிப்படியில் மூன்றாவது படிதான் நல்ல படி. மேலே வெயில், கீழே சாக்கடை. உங்கள் வீட்டம்மா இப்போதுதானே பார்லருக்குள் போனார்கள்? முடியை நேராக்குவதைப் பற்றி விசாரிக்கத்தானே? பார்த்ததுமே தெரிந்தது. நல்ல அடர்த்தி. விசாரணைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். என் மகள் உள்ளே போய் மூன்று மணி நேரம் ஆகிறது. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், போர்டில் போட்டிருக்கிறது பாருங்கள். கோவில்பட்டியில் இந்த விஷயத்தை முழுதாகத் தெரிந்த ஒரே ஆம்பிளை நான்தான். என்னைப் படியில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

ஆவுடையப்பன் என் மனைவி கோமதிக்கு அண்ணன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. நடந்தது இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி இருபத்தொன்பது, வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணி. கழுகுமலைக் கோயிலில் என் மகள் செண்பகத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அவளுக்கு மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே மொட்டை போடவேண்டும்? ஆவுடையப்பன் பட்டுவேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முடி எடுக்கிறவர் தண்ணீர் தடவுகிறார், தடவுகிறார், தலை நனையவே இல்லை. அவ்வளவு அடர்த்தி. அவ்வளவு சுருட்டை. ஒரு பிளேடு மழுங்கி, இரண்டாவது பிளேடு மாற்றினார். அப்போது ஆவுடையப்பன் என்னை நிமிர்ந்து பார்த்து, முப்பது பேர் சுற்றி நிற்கும்போது கேட்டார்.

“மாப்ளே, இது பிள்ளையோட தலையா, இலவம்பஞ்சுத் தலகாணியா?”

முப்பது பேரும் சிரித்தார்கள். முடி எடுக்கிறவரும் சிரித்தார். சாமி சிரித்ததா என்று நான் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து என் மகளுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் ‘பஞ்சு’ என்று பெயர். செண்பகவல்லி என்று அம்மன் பெயரை வைத்தவன் நான். எல்லாரும் பஞ்சு, பஞ்சு.

இதைச் சொன்ன ஆவுடையப்பன் தலையில் அன்றைக்கே பாதி முடி இல்லை. இப்போது முழுசாக இல்லை. அவர் கடையில் இருக்கிற பித்தளைச் செம்பையும் அவரையும் பக்கத்தில் வைத்தால், எதில் முகம் தெரிகிறது என்று போட்டி வைக்கலாம். நான் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெருந்தன்மை.

என் தலையைப் பாருங்கள். அறுபத்திரண்டு வயது. கையை வைத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள். சீப்பு உள்ளே போனால் பல்லை விட்டுவிட்டுத்தான் வெளியே வரும். செண்பகத்துக்கு நிறம் அவள் அம்மா நிறம், உயரம் அம்மா உயரம், கோபம் வந்தால் மூக்கு விடைப்பதுகூட அந்த வீட்டு மூக்குதான். என்னிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டது அந்த முடி ஒன்றைத்தான். அதைத்தான் ஆவுடையப்பன் தலகாணி என்றார். இப்போது புரிகிறதா, யார் முதலில் என்று?

எனக்கு இஸ்திரிக்கடை. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறதே, அதன் அடியில். முப்பத்தெட்டு வருஷமாகக் கரிப்பெட்டிதான், கரண்டுப் பெட்டி இல்லை. காலையில் ஏழு மணிக்குக் கடைக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வீட்டில் ஒரு வேலை உண்டு. செண்பகத்துக்குத் தலை சீவுவது இரண்டு பேர் வேலை. கோமதி கீழ்ப்பாதியைச் சீவும்போது மேல்பாதியை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் நான். அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குப் போன பிறகும் சேர்த்து, இருபது வருஷம் பிடித்திருக்கிறேன். “வலிக்குதுப்பா” என்பாள். “நல்ல முடின்னா வலிக்கத்தான் செய்யும்” என்பேன். அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஐப்பசியில் சிவகாசி வரன் முடிவானது. தை மாதம் கல்யாணம். கார்த்திகையில் ஒருநாள், நான் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே சொல்கிறாள்.

“அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணலாம்னு இருக்கேன். பெர்மனென்ட்.”

“அப்படின்னா?”

“முடியை நேராக்குறது. நிரந்தரமா.”

நான் கையிலிருந்த முடியை விட்டுவிட்டேன். கோமதி சீவிக்கொண்டிருந்தது எல்லாம் வீணாகி, “பிடிங்க, பிடிங்க” என்று கத்தினாள்.

நான் சண்டை போடவில்லை, தம்பி. சண்டை போடுவது என் பழக்கம் இல்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள், “மருந்து போட்டா முடி கொட்டும்” என்றேன். “எரியும்” என்றேன். “கண்ணு போயிடும்” என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவள் செல்போனில் ஏதோ எடுத்துக் காட்டினாள். கடைசியில் கோமதிதான் சொன்னாள்.

“தெரியாம பேசாதீங்க. நாலு இடத்துல போய் விசாரிங்க. விசாரிச்சுட்டு வந்து வேண்டாம்னு சொல்லுங்க.”

நல்ல யோசனை. வேண்டாம் என்று சொல்வதற்காக விசாரிக்கப் போனேன்.

ஏழு பார்லர், தம்பி. ஒரு வாரம். ஏழிலும் வாசலோடு சரி. முதல் இடத்தில் ஒரு பெண் கதவை நாலு விரல் திறந்து, “ஜென்ட்ஸ் நாட் அலவுட்” என்று சொல்லி மூடிவிட்டது. இரண்டாவது இடத்தில் என்னை நன்கொடை கேட்க வந்தவன் என்று நினைத்து, “அக்கா இல்லை, நாளைக்கு வாங்க” என்றது. மூன்றாவது இடத்தில் கெராட்டின் போடச் சொன்னார்கள். “எத்தனை நாள் நிக்கும்?” என்று கேட்டேன். “நாலஞ்சு மாசம். தலைக்குக் குளிக்கக் குளிக்கப் போயிடும்” என்றார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது கஞ்சி போடுவது. வேட்டிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் விறைப்பாக நிற்கும், இரண்டு துவையலில் போய்விடும். துணி மாறாது, மேலே பூச்சுதான். சரி, நிரந்தரம் இல்லை, அதைத் தள்ளு. நான்காவது இடத்தில் ஸ்மூத்தனிங் என்றார்கள். என் தலையைப் பார்த்துவிட்டு, “மகளுக்கும் இதே முடியா?” என்று கேட்டு, “அப்போ அது பத்தாது” என்று அவர்களே கையை விரித்துவிட்டார்கள். அலைமுடிக்கு அது போதுமாம். எங்கள் முடிக்கு முன்னால் அது நிற்காதாம். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷம்.

ஏழாவது இடம்தான் இது. ஜெபராணி என்று ஒரு பெண் நடத்துகிறது. நாகர்கோவில் பக்கம். இதே படியில் நின்றுதான் கேட்டேன், அந்தப் பெண் கதவில் சாய்ந்து நின்று பதில் சொன்னது.

“அடர்த்தியான சுருட்டைக்கு ரீபாண்டிங்தான் ஐயா. மருந்து போட்டு முடியை இளக்கணும், அலசிக் காயவச்சு, மெல்லிசு மெல்லிசாப் பிரிச்சு அயர்ன் பண்ணணும், அப்புறம் இன்னொரு மருந்து போட்டு அப்படியே நிறுத்தணும். ஆறு மணி நேரம் ஆகும். மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னாடிகூடச் சொருகக்கூடாது.”

பள்ளிக்கூடப் பாவாடை மடிப்பு மாதிரி. ஒரு தடவை சூட்டில் படிந்தால் படிந்ததுதான். அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டேன்.

“நிரந்தரம்னு சொல்றீங்க. புதுசா வளர்ற முடி?”

“அது சுருட்டையாத்தான் வரும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வேர்ல மட்டும் டச்சப் பண்ணணும்.”

“அப்போ எது நிரந்தரம்? நீங்க பண்றதா, நாங்க வளர்க்குறதா?”

ஜெபராணி சிரித்துவிட்டது. “ஐயா எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?”

“அஞ்சாவது.”

“அந்த ஸ்கூலை மூடினதே நீங்கதானா?”

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதால் இன்னும் கடுமையாகக் கேட்டேன். எத்தனை சூடு? பெட்டி எந்தக் கம்பெனி? மருந்தில் கண் எரிகிற வகை எது, எரியாத வகை எது? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “எதுன்னாலும் முதல்ல ஒரு கற்றையில போட்டுப் பார்த்துட்டுத்தான் முழுசாப் பண்ணுவேன். மகளைக் கூட்டிட்டு வாங்க” என்றது.

“மகள் எதுக்கு? என் தலையில போட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே முடிதான்” என்றேன்.

உள்ளே விட முடியாது. அதனால் இதே படியில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில், ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, இடது காதுக்குப் பின்னால் ஒரு கற்றையைப் பிரித்து மருந்து தடவியது. அழுகின முட்டை வாசம். கீழே பேக்கரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பப்ஸ் தின்றார்கள். அரைமணி கழித்து ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து அலசி, காற்று மெஷினை வைத்துக் காயவைத்தது. “இருங்க, அயர்ன் சூடாகட்டும்” என்று உள்ளே போனது.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ரொம்பச் சின்ன விஷயம். காய்ந்த துணியில் பெட்டியை வைக்கிறவன் இஸ்திரி தெரியாதவன். தண்ணீர் தெளித்துத்தான் வைக்கவேண்டும். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், கை கேட்கவில்லை. மக்கில் மிச்சம் தண்ணீர் இருந்தது. விரலை நனைத்து, கற்றையின் நுனியில் இரண்டு தெளி தெளித்தேன். அவ்வளவுதான். ஜெபராணி வந்து, மேலிருந்து அழகாக இழுத்துக்கொண்டே வந்தது. நுனிக்கு வந்ததும் ‘சுர்’ என்றது. பொசுங்கல் நாற்றம்.

“ஐயோ! ஈரம் எங்கிருந்து வந்துச்சு? ஐயா, தண்ணி தெளிச்சீங்களா?”

“தெளிக்காம எப்படித் தேய்ப்பீங்க?”

“இது என்ன வேட்டியா?”

முடிக்கு ஈரத்தில் சூடு வைக்கக்கூடாதாம். எங்கள் தொழிலுக்கு நேர்மாறு. நுனியில் ஒரு விரல் அளவு பொசுங்கிச் சுருண்டு, மஞ்சளாகிவிட்டது. மேலே ஒரு சாண் நேராக, வழவழவென்று தொங்குகிறது. தடவிப் பார்த்தேன். வேறு யாருடைய முடியையோ தொடுகிறமாதிரி இருந்தது.

அந்தக் கற்றையோடு கடைக்குப் போய் நிற்கிறேன், ஆவுடையப்பன் சட்டை கொடுக்க வருகிறார். ஊரில் வேறு இஸ்திரிக்கடை இல்லாததுபோல என்னிடம்தான் வருவார், இருபத்துமூன்று வருஷமாக. என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மாப்ளே, என்ன இது, அரைஞாண் கயிறு அவுந்து காதுவழியா வந்திருக்கு?”

இரண்டாவது தப்பு. எழுதிக்கொள்ளவேண்டாம், எனக்கு ஞாபகம் இருக்கும்.

சாயங்காலம் செண்பகம் வந்தாள். பொசுங்கின நுனியைக் காட்டினேன். “பார்த்தியா? நம்ம முடிக்கு மருந்து போட்டா இதுதான் கதி. என் தலையிலேயே போட்டுப் பார்த்துட்டேன்” என்றேன். அவள் அந்த நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். எனக்காகப் போய் உட்கார்ந்தீங்களாப்பா என்று கேட்டாள். பிறகு மோந்து பார்த்தாள். “சரிப்பா. வேண்டாம்” என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை, தம்பி. தண்ணீர் தெளித்தீர்களா என்று அவள் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல முடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் “வலிக்குது” என்று சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்குதா என்று நானே கேட்டேன். “இல்லப்பா” என்றாள். ஜெயித்தவனுக்குக் கை இப்படிக் கனக்கக்கூடாது. ஆனாலும் தண்ணீர் தெளித்த கதையை எடுக்கவில்லை.

நாலாம் நாள் ஜெபராணி தன் சேலையைத் தேய்க்கக் கொண்டுவந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த கோமதி அங்கே நிற்கிறாள். அந்தப் பெண் சும்மா போகக்கூடாதா? “ஐயா, இதுக்காவது தண்ணி தெளிச்சுத் தேயுங்க. மகள் தலைக்கு எப்ப வர்றீங்க?” என்றது. கோமதி என்ன ஏது என்று கேட்க, எல்லாம் வந்துவிட்டது. மக்கு, தெளி, சுர்.

ஜெபராணி போகட்டும் என்று கோமதி பொறுத்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்தாள். பிறகுதான்.

“அவ எதுக்கு முடியை நேராக்கணும்கிறா, தெரியுமா உங்களுக்கு?”

“உன் அண்ணன் பஞ்சுன்னு பேரு வச்சாரு, அதுனாலதான்.”

“எங்க அண்ணன் எதுக்கு வச்சான்?”

“எதுக்கு?”

“நமக்குக் கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாள், மறுவீட்டு விருந்து. எங்க வீட்டுப் பந்தியில எல்லாரும் உட்கார்ந்திருக்கையில, பரிமாறிட்டு நின்ன என் சடையைத் தூக்கிக் காட்டி, ‘இது சடையா, எலிவாலா’ன்னு கேட்டது யாரு? அண்ணன் அப்ப கையில தண்ணிச் செம்போட நின்னான். வீட்டு மாப்பிள்ளைன்னு ஒண்ணும் பேசல. நாலு வருஷம் பொறுத்திருந்து கழுகுமலையில பேசினான். அவ்வளவுதான்.”

நன்றாகக் கேளுங்கள் தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்கள். நான் சொன்னது வேடிக்கைக்கு. புதுமாப்பிள்ளை, கல்யாண உற்சாகம், வாயில் லட்டு. கோமதிக்கு முடி கொஞ்சம் மெல்லிசுதான், இல்லாததையா சொன்னேன்? எல்லாரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள். தலையைக் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை, ஆனால் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆவுடையப்பன் சொன்னது அப்படியா? யோசித்து, நாலு வருஷம் வைத்திருந்து சொன்னது. ஒரு மனிதன் ஒரு வார்த்தையை நாலு வருஷம் மனதில் வைத்துக்கொண்டிருப்பான் என்றால், அது என்ன மனசு?

இதைத்தான் கோமதியிடமும் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூக்குவாளியை மூடிக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நானே செண்பகத்திடம் சொன்னேன். கோமதி சொல்லுவதற்குள் நாம் சொல்லிவிடுவது நல்லது இல்லையா? “நுனியில தண்ணி பட்டுருச்சு” என்றேன்.

“தானாப் பட்டுச்சா?”

“கையிலிருந்து பட்டுச்சு.”

அவள் மூக்கு விடைத்தது. அந்த வீட்டு மூக்கு. ஆனால் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, லேப்ல போடுற தொப்பிக்குள்ள என் முடி அடங்காது. ரெண்டு தொப்பி போடுறேன். காலையில முக்கால் மணி நேரம், உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும். சிவகாசியில யாரு மேல்பாதியைப் பிடிப்பா? புது வீட்டுல மாமனாரையா கூப்பிடுவேன்?”

அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

“முடி பிடிக்காம இல்லப்பா. ஆனா அது எப்பவும் உங்க தலையாவே இருக்கு. எங்க போனாலும், அவரு மகளா, அவரு மகளான்னுதான் கேக்குறாங்க. கொஞ்ச நாளைக்கு என் தலையா இருக்கட்டுமே. நீங்க வேண்டாம்னா பண்ணிக்கல. நிஜமாத்தான் சொல்றேன்.”

இது இன்னும் மோசம், தம்பி. அடம்பிடித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நீங்க வேண்டாம்னா பண்ணிக்கல என்று சொல்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது? “ஜெபராணிகிட்டயே பண்ணு. அந்தப் பொண்ணுக்குத்தான் பெட்டி பிடிக்கத் தெரியுது” என்றேன்.

மார்கழி பதினாறு. நானே கூட்டிவந்தேன். கதவில் நின்று ஜெபராணியிடம், “பட்டுக்கு வைக்கிற சூடுதான் வைக்கணும், பருத்திச் சூடு கூடாது” என்றேன். “ஐயா கீழ போய் உட்காருங்க, கையில தண்ணி இருந்தா கீழ ஊத்திட்டுப் போங்க” என்றது. ஆறே கால் மணி நேரம். இந்த மூன்றாவது படி. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒரு பெண் வந்தது. இடுப்புவரைக்கும் முடி, கறுப்புத் துணியைத் தேய்த்துத் தொங்கவிட்டமாதிரி. நான் ஒதுங்கி வழிவிட்டேன். மறுபடியும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அப்பா” என்று கீழ்ப்படியிலிருந்து சத்தம் கேட்கிறது.

பெற்ற பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறேன், தம்பி. அதைக்கூட விடுங்கள். திரும்பி முகத்தைப் பார்க்கிறேன், எனக்குத் திக்கென்றது. அந்தச் சுருட்டை இத்தனை வருஷமாக மறைத்துவைத்திருந்த நெற்றி வெளியே வந்துவிட்டது. அகலமான நெற்றி, காது, தாடை. யார் என்று நினைக்கிறீர்கள்? ஆவுடையப்பன். தலையில் முடி இருந்த காலத்து ஆவுடையப்பன், சேலை கட்டிக்கொண்டு நின்றமாதிரி. பார்த்துப் பார்த்து, ஏழு இடம் விசாரித்து, சூடு சொல்லிக்கொடுத்து, என் கையாலேயே என் பிள்ளையை அந்த மனிதராக மாற்றிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மாமன் சீர் வைக்க வந்த ஆவுடையப்பன், மணமேடையில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். மாப்ளே, அன்றைக்குப் பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை.

“மாப்ளே, இப்பத்தான் பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கா” என்றார்.

மூன்று.

இப்போது ஆடி. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துவர வேண்டுமே, கூட்டிவந்தோம். முந்தாநாள் காலையில் அவள் குனிந்து கோலம் போடுகிறாள், நான் தின்பண்டம் வாங்கிவிட்டு வருகிறேன். உச்சியைப் பார்த்தேன். வகிட்டுக்கு இரண்டு பக்கமும் நாலு விரற்கடைக்கு முடி எழும்பி நிற்கிறது. சுருட்டை. நம் சுருட்டை. மருந்து, சூடு, ஆறே கால் மணி நேரம், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த முடிக்கு மறதி கிடையாது. என் முடி அல்லவா?

அவளே தொட்டுப் பார்த்துக்கொண்டு, “டச்சப் பண்ணணும்பா” என்றாள். “பண்ணு” என்றேன். சிவகாசியில் பண்ணக்கூடாதா என்று கோமதி கேட்டதற்கு, “அங்க படியில யாரு உட்காருவா?” என்றாள். அதனால்தான் வந்திருக்கிறேன்.

பொறுங்கள், கதவு திறக்கிறது. இந்தத் தடவை ஏமாறமாட்டேன். நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவள்தான்.

வாம்மா. முடிஞ்சுதா? ஏய், ஏய், காதுக்குப் பின்னாடி சொருகாத, மூணு நாளைக்குக் கூடாதுன்னு மறந்துட்டியா? பொறு. திரும்பு. இது என்னம்மா? இந்தக் கற்றையை விட்டுட்டாங்களே! வேர்ல சுருட்டை அப்படியே நிக்குது. ஏம்மா ஜெபராணி! இதுதான் நீ வேலை பார்க்குற லட்சணமா? ஒரு சட்டையில ஒரு கையை மட்டும் தேய்க்காம விட்டா நான் கடை நடத்த முடியுமா?

என்னது? சொல்லித்தான் விட்டாங்களா? யாரு சொன்னா?

நீயா?

எதுக்கு?

...சரி. சரி, வெயில்ல நிக்காத. கீழ போய் நில்லு, வர்றேன்.

தம்பி, எந்தக் காது என்று பார்த்தீர்களா? இடது காது. எனக்கும் இடது காதுதான். உங்களிடம் சொன்னேனா? சொன்னேன், சொன்னேன்.

போகிற வழியில் மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாள். போகலாம். நான் கடைக்குள் ஏறமாட்டேன், வாசலில்தான் நிற்பேன், எப்போதும் அப்படித்தான். அவர் பார்க்கட்டும். காதுப் பக்கம் நன்றாக உற்றுப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, ‘நல்ல முடி, மாப்ளே’ என்று ஒரே ஒரு தடவை சொல்லட்டும், இருபத்துமூன்று வருஷத்தையும் அங்கேயே விட்டுவிடுகிறேன். சொல்லமாட்டார். இன்றைக்கும் ஏதாவது பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “பஞ்சு, காபி குடிக்கிறியா?” என்றுதான் கேட்பார்.

வருகிறேன், தம்பி. உங்கள் வீட்டம்மா என்ன செய்துகொண்டு வெளியே வந்தாலும், நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுங்கள். வேடிக்கைக்கு ஏதாவது சொல்லப்போகிறீர்கள், அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிரிக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். இருபத்தேழு வருஷம் கழித்துத்தான்...

அது வேறு. அதை இதோடு சேர்க்காதீர்கள். ஆவுடையப்பன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.